ஆறாம் வரிசை

புளோக் 418க்கு எதிரே
பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் கூரைத்தளம்.
வெயிலுக்குப் பயந்து யாரும் வண்டி விடாத இடம் அது.
இப்போது அங்கே கைலான், காங்கோங், சிவப்புக் கீரை,
குழாய்க்குள் சளசளக்கும் உரநீர்.

காலை ஐந்தரைக்கு ஒலிபெருக்கிகள் கண் விழிக்கும்.
ஐநூறு ஹெர்ட்ஸ், எழுபது டெசிபெல்,
மூன்று மணி நேரம்.
இசை என்று சொல்ல முடியாது.
காலிப் போத்தலின் வாயில்
யாரோ மூச்சு வாங்காமல் ஊதுகிற
ஒற்றை ஸ்வரம்.
இலைத்துளைகள் இன்னும் அகலத் திறக்கும்
என்கிறது ஆய்வுத்திட்டம்.
நம்புவதற்கு எனக்குச் சம்பளம் இல்லை,
அளப்பதற்குத்தான்.

ஒன்பதாம் மாடி வேதவல்லி
இரவுப்பணி முடித்து வரும் தாதி.
நகர மன்றத்துக்கு எழுதினார்:
"கீரை வளரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை.
நான் எப்போது தூங்குவது?"
முகத்தைத் திருப்பி வைத்தோம் ஒலிபெருக்கிகளை.
அறுபத்திரண்டுக்கு இறக்கினோம்.
அதையும் குறிப்பேட்டில் எழுதினேன்.

ஐந்து வரிசைகளுக்கு ஒலி.
ஆறாவதற்கு இல்லை.
நுரைப்பலகை நான்கு பக்கமும் நிறுத்தி,
அதே விதை, அதே நீர், அதே வெளிச்சம்,
சத்தம் மட்டும் கிடையாது.
சும்மா வளர்ந்தால் எவ்வளவு வளரும்
என்று தெரிய வேண்டாமா?

ஏழாம் வாரம் தராசில் வைத்தேன்.
ஆறாம் வரிசை
செடிக்கு ஒன்பது கிராம் கூடுதல்.

மறுபடி வைத்தேன்.
தராசைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
டாக்டர் சியூ பம்பைச் சந்தேகித்தார்,
விதைப் பொட்டலத்தை, உப்பின் அளவை,
கடைசியாக என் கூட்டலை.

இரவு முழுக்க ஒலிமானியை
அந்தப் பலகைகளுக்குள் விட்டுப் போனேன்.
காலையில் கோடு சொன்னது:
ஒன்பது பத்துக்கு நூற்று நாற்பது ஹெர்ட்ஸ்,
ஏறுகிறது, இறங்குகிறது, நிற்கிறது,
நின்று, சடாரென்று இருநூறுக்குப் போகிறது.
இருபத்தாறு நிமிடம்.
செடிகள் பேசுமா என்று
ஒரு கணம், ஒரே கணம், நினைத்தேன்.
அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

அடுத்த இரவு காத்திருந்து பார்த்தேன்.
கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
ஷாஹிதுல் பலகையை ஓரமாக நகர்த்தி
உள்ளே போனார்.
கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து
கைப்பேசியைக் காதில் வைத்தார்.
விடுதி அறையில் பன்னிரண்டு பேர்,
கீழே லாரி, பக்கத்தில் விரைவுச்சாலை.
இந்தத் தீவில் அவர் கண்டுபிடித்த
ஒரே அமைதி
நாங்கள் கட்டியது.

வங்காளத்தில் எனக்கு ஒரு சொல் தெரியாது.
ஆனாலும் திட்டு என்பது தெரிந்தது.
கையை வீசினார். ஓர் இலை ஆடியது.

"உள்ளே பேசக்கூடாது என்று எழுதியிருக்கிறதே!"
அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தேன்.
நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும்
தெளிவாக ஒட்டியிருந்தோம்.
அவருடைய மொழியில் இல்லை.

டாக்டர் சியூ ஆறாம் வரிசையை நீக்கச் சொன்னார்.
நியாயம்தான்.
ஒரு மனிதனின் கோபத்தை
ஒலிபெருக்கியில் போட்டு விற்க முடியாது;
ஒன்பது கிராமுக்கு அதுதான் காரணமா
என்றும் தெரியாது.
பம்பாகவும் இருக்கலாம்.
நீக்கினேன். ஓரத்தில் பென்சிலால் மட்டும்
'பேசப்பட்டது' என்று எழுதி வைத்தேன்.

திங்கட்கிழமை புது விதை.
பலகைக்கு இப்போது பூட்டு.
குயில் மட்டும் நாலரைக்கே தொடங்கி
ஆறு வரிசைக்கும் சேர்த்துக் கூவுகிறது,
எந்தப் பத்தியிலும் அதற்கு இடமில்லை.

நாற்றுத்தட்டை இறக்கும்போது கேட்டேன்,
அன்றைக்கு யாரோடு சண்டை?
"அண்ணன். வரப்பை வெட்டி உள்ளே வந்துவிட்டான்."
எவ்வளவு?
ஈரக் கையை விரித்துக் காட்டினார்,
கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை.

ஐந்தாம் வரிசைக்கும் ஆறாவதற்கும்
நாங்கள் விட்ட இடைவெளி
அதைவிடப் பெரியது.